சவப்பெட்டி நின்ற வாசல்

மகனைச் சுட்டது யார் என்று ஐசில்டா யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, லென்வரே காட்டுவான் என்று சந்தில் எல்லோரும் சொன்னார்கள். அநியாயமாகச் செத்தவன் நேராகக் குழிக்குப் போகமாட்டான். பெட்டியைத் தூக்குகிறவர்களைத் தானே இழுத்துக்கொண்டு போய், தன் சாவுக்குக் காரணமானவர் வாசலில் நிற்பான். கிங்ஸ்டனில் பாட்டன் காலத்திலிருந்து இருக்கும் நம்பிக்கை இது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் ஐசில்டாவுக்கும் இதில் சந்தேகம் இருந்ததில்லை.

லென்வர் ரொட்டி வாங்கப் பெரிய சாலை வரை போனவன். சாலைக்கு இந்தப் பக்கம் ஆரஞ்சுக் கட்சி, அந்தப் பக்கம் பச்சைக் கட்சி. வெள்ளைக்காரன் தன் கொடியை இறக்கிக்கொண்டு போய் இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சாலை நடுவே இப்படி ஒரு கோடு விழுந்துவிட்டது. தேர்தல் நெருங்க நெருங்கக் கடைகளில் அரிசியும் சோப்பும் குறைந்தன, சந்துகளில் துப்பாக்கி பெருகியது. ரொட்டிக் கடைப் படியில் கால் வைத்தபோது முதுகில் குண்டு பாய்ந்தது. அவன் எந்தக் கூட்டத்துக்கும் கொடி பிடித்தவன் அல்ல. இந்தப் பக்கத்தில் பிறந்தவன், அவ்வளவுதான்.

சந்தின் வாயில் பழைய கார்களைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்கள். சவ வண்டிக்காரன் அதைத் தாண்டி வர மறுத்துவிட்டான். ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். வெள்ளை ரம் கை மாறியது, பாட்டு எழுந்தது.

“டேய் ஆல்ட்டன், என்னடா இப்படிச் சாயுற? செத்தது அவனா, நீயா?”

“பெட்டி கனக்குதுடா. இருக்கும்போது இவன் கொத்தவரங்காய் மாதிரி இருந்தான்.”

“அம்மா பின்னாடி வர்றாங்க. வாய மூடிட்டு நட.”

அதே சந்தில் இருக்கும் யூலாலியின் வீட்டருகே வந்தபோது பெட்டி திரும்பியது. முன்னால் இருந்த ஆல்ட்டன் இடப்பக்கம் இழுபட்டான். மற்றவர்கள் பின்னால் தள்ளாடினார்கள். தகரக் கதவில் பெட்டி ‘டங்’கென்று இடித்து நின்றது. பாட்டு நின்றது.

“அவனே காட்டிட்டான்” என்றான் மேஜர்.

பட்டாளத்துப் பக்கமே போகாதவனுக்கு அந்தப் பெயர். சந்தின் தாதா அவன்தான். பள்ளிக்கூடத்துச் செருப்பும் அவன் கையால்தான் வரும், துப்பாக்கியும் அவன் கையால்தான் வரும்.

“இவ தங்கச்சி மகன் அந்தப் பக்கத்துல துப்பாக்கி தூக்குறான். எல்லாருக்கும் தெரியும். தகவல் இங்கிருந்துதான் போயிருக்கு.” அவன் கைகாட்ட, ஒருவன் மண்ணெண்ணெய் எடுக்க ஓடினான். “வெளிய வா யூலாலி. உன்னப் பார்க்க விருந்தாளி வந்திருக்கு.”

யூலாலி கதவைத் திறந்தாள். துக்கத்துக்காக உடுத்தியிருந்த வெள்ளைத் துணி. ஊர்வலத்தில் சேரக் கிளம்பியவள், பெட்டியைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று ஐசில்டாவுக்குத் தெரியும். லென்வர் சாவதற்குச் சில நாள் முன்பு, இருட்டும் நேரத்தில், யூலாலியின் கொல்லை வேலிக்கு அப்பால் அந்தத் தங்கை மகன் நின்று தட்டில் எதையோ அள்ளித் தின்றதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். இப்போது மகனும் வந்து நிற்கிறான். இனி என்ன சாட்சி வேண்டும்? ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் நின்றாலும் போதும்.

அவள் யூலாலியின் முகத்தைப் பார்த்தாள். லென்வருக்கு அம்மை வார்த்திருந்தபோது ஐசில்டா மலைமேல் ஒரு துரை வீட்டில் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள், லீவு கிடைக்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டு, சோளமாவுக் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டியவள் இவள். அதன் பிறகு பள்ளிவிட்டு வரும் பையன் நேராக இந்த வாசலுக்குத்தான் வருவான்.

ஆண்டவரே, எனக்கு நீதி வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது என்று அவள் மனதுக்குள் சொன்னாள். இன்றைக்கு மட்டும் தள்ளி வையும்.

“யூலா” என்றாள் உரக்க. “ஒரு டம்ளர் தண்ணி கொண்டா.”

“மிஸ் ஐசி, நீங்க தள்ளிக்கோங்க” என்றான் மேஜர்.

“நீ தள்ளிக்கோ மகனே. என் பிள்ளை சின்ன வயசுல தினம் இங்கதான் நிப்பான். கஞ்சி குடிக்காம வீட்டுக்கு வரமாட்டான். இவகிட்டச் சொல்லாம எப்படிப் போவான்? சொல்லிக்கத்தான் நிக்கிறான்.”

“மிஸ் ஐசி, உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?” மேஜர் விடவில்லை.

“பெத்தவ நானா, நீயா?”

கூட்டத்தில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி, “அந்தம்மா சொல்றது சரிதான்யா” என்று முனகினார். மேஜர் பல்லைக் கடித்தான். பெற்றவளை எதிர்த்துப் பேச ஊர் முன்னால் அவனுக்கும் துணிச்சல் வரவில்லை. யூலாலி தண்ணீரோடு வந்தாள். ஐசில்டா பாதியைக் குடித்து, மீதியைப் பெட்டிக்கு அடியில் மண்ணில் ஊற்றினாள்.

“போதும்டா கண்ணு. வா, போகலாம்.”

பெட்டி நகர்ந்தது. லேசாகிவிட்டது என்று தூக்கியவர்கள் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் யூலாலி தன் மெத்தையையும் கோழிக்கூண்டையும் தள்ளுவண்டியில் ஏற்றினாள். கூடத் தள்ளியவள் ஐசில்டா ஒருத்திதான். கிழக்கே போகும் லாரி நிற்கும் இடத்தில்தான் அவள் வாய் திறந்தாள்.

“அவன் வேலிக்கு வந்தான், யூலா. நான் பார்த்தேன்.”

யூலாலி கோழிக்கூண்டைக் கீழே இறக்கினாள். “பசின்னு வந்தான். போட்டேன். உன் பிள்ளை வந்தாலும் போட்டிருப்பேன். வேற ஒரு வார்த்தை பேசல, ஐசி. சத்தியமா.”

“சரி” என்றாள் ஐசில்டா. நம்பினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. லாரி கிளம்பும்போது யூலாலி கஞ்சிப் பானையை இறக்கி அவள் கையில் கொடுத்தாள். அன்று இரவே அந்த வீட்டைக் கொளுத்திவிட்டார்கள்.

தேர்தலில் பச்சை ஜெயித்தது. மேஜர் எங்கோ ஓடிப்போனான். சுவர்களில் நிறம் மாறியது. அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு தாதா வந்து, அதே முக்கில் அதே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். சுடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதில் லென்வரும் ஓர் எண்ணாக இருந்திருப்பான்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஐசில்டா குழாயடியிலிருந்து அந்தப் பானை நிறையத் தண்ணீரோடு வந்தாள். யூலாலியின் கரிந்த வாசலருகே இடது கால் சட்டென்று உள்ளே போயிற்று. சாக்கடைமேல் போட்டிருந்த பலகைக்கல் விளிம்பு உடைந்து, புல் மூடிக் கிடந்தது. அவள் இடப்பக்கம் சாய்ந்து தகரக் கதவில் தோளை இடித்துக்கொண்டாள். ‘டங்’கென்று சத்தம் வந்தது. ஆல்ட்டனும் அன்று இதே இடத்தில்தான் சாய்ந்தான்.

அப்படியே நின்றாள். தண்ணீர் சிந்தி மண்ணில் இறங்கியது. கிழக்கே எந்த ஊர் என்றுகூட அவள் யூலாலியைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு பானையைக் கீழே வைத்தாள். எரிந்த வீட்டுக்குள் போய், கரியாகாத கதவுப் பலகை ஒன்றைத் தேடி எடுத்து வந்து பள்ளத்தின்மேல் போட்டாள். ஆடாமல் இருக்க நாலு கல்லையும் அண்டை கொடுத்தாள். ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள்.