நாத்தனாருக்கு விட்ட ஒரு கை அகலம்

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே தாவரத் தோட்டத்தில் வேலை அமைந்தால் அந்தத் தோட்டம் உருப்பட்ட மாதிரிதான்! கண்ணாடிக் கூடத்து மழைக்காட்டு மரம் அண்ணியின் பொறுப்பு. உலகத்திலேயே விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் அந்த ஜாதி மிச்சம்; அது பூத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நாத்தனாருக்கு லைக்கன் ஆராய்ச்சி. மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பல் திட்டாக ஒட்டிக்கொண்டு வளருமே, அதேதான்.

"உன் லைக்கன் சைக்கிள் ஸ்டாண்டு சுவர்லகூட இருக்கு. என் மரம் எங்க இருக்கு, சொல்லு பாப்போம்?" என்பாள் அண்ணி.

"அது எங்கயும் பிழைச்சுக்கும் அண்ணி. உங்க மகாராணிக்குத்தான் தண்ணியைக்கூட வடிகட்டித் தரணும்."

இந்தப் பருவமும் பூக்காவிட்டால் மகாராணியை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா?

அதனால் இன்னும் விழுந்து விழுந்து கவனித்தாள். அடிமரத்தில் லைக்கன் தலைகாட்டினால் போதும், பிரஷ்ஷும் கையுமாக நின்று சுத்தமாகத் தேய்த்துவிடுவாள். வருஷக்கணக்கான பழக்கம். இந்த முறைதான் நாத்தனார் ஆராய்ச்சிக்கென்று ஒரு கை அகலம் கேட்டு மூக்கைச் சிந்தினாள். வீட்டில் சண்டை வேண்டாமே என்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தாள்.

இன்று காலை அந்தத் திட்டில் லென்ஸை வைத்த நாத்தனார் வெகுநேரம் நிமிரவே இல்லை.

"என்ன, உன் செல்லம் குட்டி போட்டிருக்கா?"

"அண்ணி, இங்க முண்டு முண்டா இருக்கிறது என்னுது இல்ல. உங்களுது. மொட்டு!"

"விளையாடாதே. மொட்டுன்னா கிளையிலதானே வரும்?"

"பலா அடிமரத்துல காய்க்கலையா? நீங்களே பாருங்க."

அண்ணி லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தாள். சாம்பல் திட்டுக்கு நடுவே கடுகு கடுகாக மொட்டுகள். ஒன்றில் சிவப்பு எட்டிப் பார்த்தது. "ஐயோ என் தங்கமே!" என்று நாத்தனாரைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

குதித்தவள் சட்டென்று நின்றாள். திட்டைச் சுற்றி அவள் தேய்த்துவிட்ட பட்டை மொழுமொழுவென்றிருந்தது. அதில் ஒரு மொட்டுகூட இல்லை.

"அப்ப இத்தனை வருஷமா..."

அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்தபடி வாசலுக்கு நடந்தாள்.

"எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?"

"இயக்குநர்கிட்ட. மரத்துக்கு ஒரு குறையும் இல்ல, என் கவனிப்புதான் அதிகமாப் போச்சுன்னு சொல்லிட்டு வரேன்."