இடப்பக்கம் சரியும் படகு

பிரணவனின் படகை முதல் நாளே தாழ்த்தியவன் நான்தான். வேறு யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

ஐயர் தேங்காய் உடைத்து, எஞ்சின் மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்ற முப்பது பேருக்கும் கடலைச் சுண்டல் கொடுத்து முடித்திருந்தார்கள். நான் பெருமையோடு ஏறி, புதிதாகப் பூட்டிய பம்பைப் போட்டேன். பின்பக்கத்து ரப்பர் பைகளுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் வடிவாகக் கேட்டது. உடனே, இருபது வருடப் பழக்கத்தில், ரீ குடிக்கப் போய்விட்டேன்.

நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். வீடு கொக்குவிலில், வேலை மருதனார்மடத்துப் பக்கத் தோட்டக் கிணறுகளில். எங்கள் ஆட்கள் பம்பைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று காவல் காப்பதில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் பாயும்; நாங்கள் போய் ரீ குடித்து, நாட்டு நடப்புக் கதைத்துவிட்டு வந்தால் தறை, அதாவது வரம்பு கட்டிய அந்தத் தோட்டத் துண்டு, நிறைந்திருக்கும். கூடிப்போனால் அடுத்த தறையும் நிறையும், அந்தத் தறைக்காரன் சந்தோஷப்படுவான். படகு தறை அல்ல என்பது ரீயின் இரண்டாவது மிடறில்தான் ஞாபகம் வந்தது.

ஓடி வந்து பார்த்தால், பைகள் நிறைந்து, குழாய் கழன்று, படகுக்குள் தண்ணீர். பின்பக்கம் அவசரமில்லாமல், சாய்மனைக் கதிரையில் உட்காரும் பெரிய மனுசனைப்போலக் கடலில் உட்கார்ந்துகொண்டிருந்தது. நல்லவேளை, அந்த இடத்தில் முழங்காலுக்கு மேலே நாலு விரல்தான் ஆழம். தாழ்வதற்கும் ஒரு அளவு இருந்தது.

“செல்வன் அண்ணை,” என்றான் பிரணவன், “நான் சேர்ஃபிங் போட் எண்டு சொன்னனான். சப்மரீன் எண்டு சொல்லேல்லை.”

முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நூற்றுப்பன்னிரண்டு கிலோ உள்ள ஒருவன் மற்றவர்களுக்கு முந்திச் சிரித்துவிடுவது புத்தி. சிரிக்காதவர் ஒரே ஒருவர், படகோட்டி தம்பிஐயா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, “உள்ளை ஆரும் இருக்கினமோ?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை அண்ணை. பம்பு மட்டும்தான்.”

அவர் என்னைப் பார்த்துவிட்டு, நான் சொன்னது காதில் விழாததுபோல, இன்னொரு தரம் கேட்டார். “ஆரும் இருக்கினமோ?”

அந்தக் குரலில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பம்பு திருத்துகிறவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பிரணவன் ரொறன்ரோவில் வளர்ந்தவன். மனைவி லவீனாவோடு திரும்பி வந்து, கொள்கலனில் ஒரு ஜெற் படகையும் கொண்டு வந்தான். அதற்கு மற்றப் படகுகள்போல் தண்ணீருக்குள் சுற்றும் விசிறி இல்லை. அடியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சியடித்து ஓடும். விசிறி தரைதட்டுகிற எங்கள் கடல்நீரேரிக்கு ஏற்ற சாமான்தான். அதை மெதுவாக ஓட்டினால் பின்னால் ஒரு அலை எழும். படகில் கட்டிய கயிற்றைப் பிடித்து எழும்பி, பிறகு அதையும் விட்டுவிட்டு, அந்த அலையிலே பலகை போட்டு நின்று வருவதுதான் விளையாட்டு. ஆனால் படகு பாரமாக இருந்தால்தான் அலை பெரிதாகும். பாரத்துக்கென்று கம்பனி வைத்த தண்ணீர்த் தொட்டி சின்னது. ஆகவே பின்பக்கம் இரண்டு பக்கமும் நானூறு லீற்றர் பை ஒவ்வொன்று, ஒவ்வொன்றுக்கும் தனிப் பம்பு, நிறைக்க ஒரு சுவிச், வெறுமையாக்க ஒரு சுவிச். காசு கொடுத்துப் படகுக்குப் பாரம் ஏற்றும் மனிதர்களை நான் அதுவரை கண்டதில்லை.

வேலையை நான் ஒப்புக்கொண்டது அதற்காக அல்ல. ஓட்டி தம்பிஐயா என்று பிரணவன் சொன்னதற்காக.

தொண்ணூற்று மூன்றில், யுத்தத்தில் தரைப்பாதை அடைபட்டிருந்தபோது, நானும் கூடப்பிறந்த குகதாசன் அண்ணையும் நேவிக்குத் தெரியாமல் இரவில் கிளாலியால் இதே கடல்நீரேரியைத் தாண்டப் புறப்பட்டோம். எனக்குப் பத்து வயது, அண்ணைக்குப் பத்தொன்பது. அவர் கொழும்புக்குப் போய் அங்கிருந்து வெளிநாடு போவதாகவும், நான் மாமி வீட்டில் நின்று படிப்பதாகவும் ஏற்பாடு. இருட்டில் வள்ளம் ஏறியது ஞாபகம். இடப்பக்க விளிம்பில் அண்ணையின் மடியில் தலை வைத்தது ஞாபகம். விழித்தபோது அக்கரை. என் தலைக்கடியில் அண்ணையின் சேட்டு மடித்து வைத்திருந்தது. அண்ணை இல்லை.

அந்த வள்ளத்தின் ஓட்டி தம்பிஐயா.

முப்பது வருடத்தில் ஏழெட்டுத் தரம் அவரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு தரம், “அவர் வேறை வள்ளத்திலை மாறினவர்.” ஒரு தரம், “கரையிலை கண்ட ஞாபகம்.” ஒரு தரம், “தம்பி, எத்தினை ஓட்டம் ஓடினனான், எல்லாம் ஞாபகம் நிக்குமே?” அம்மா சாகும்வரை அண்ணையின் படத்துக்கு மாலை போட விடவில்லை. அம்மா போய் இரண்டு வருடம். படம் இப்போதும் வெறுமனே தொங்குகிறது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் மாலை வாங்க எனக்குக் கை வரவில்லை.

அதைவிட இன்னொன்று இருக்கிறது. அதை நான் அம்மாவிடமும் சொன்னதில்லை. பத்து வயதிலேயே நான் கொழுத்த பெடியன். அன்றைக்கு வள்ளத்தில் பாரம் கூட என்று சனம் குசுகுசுத்தது அரைத்தூக்கத்தில் காதில் விழுந்தது. என்னைப் பற்றி நான் அடிக்கும் பகிடி எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் குசுகுசுப்புத்தான் கிடக்கிறது. என் பாரத்தாலா அண்ணை இல்லாமல் போனார்?

படகைக் காயவைத்து, குழாய்களை இரட்டைக் கிளிப் போட்டு இறுக்கி, இனி ரீயே குடிப்பதில்லை என்று லவீனாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்து, மறுபடி இறக்கினோம். இரண்டு பையும் நிறைத்தேன். மீற்றரில் இரண்டும் நானூறு. படகு இடப்பக்கம் சரிந்து நின்றது.

பைகளை மாற்றிப் போட்டேன். இடப்பக்கம் சரிந்தது. பம்புகளை மாற்றினேன். இடப்பக்கம். மேசனிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். அதன் குமிழி வலப்பக்கம் ஓடிப்போய், பயந்த பிள்ளை மாதிரி மூலையில் ஒட்டிக்கொண்டது. நான் விஞ்ஞானத்தை நம்புகிறவன். அதனால் ஒருவருக்கும் தெரியாமல் கண்ணூறுக்கு ஒரு தேசிக்காய்தான் கட்டினேன். தேசிக்காயும் இடப்பக்கம் சரிந்து தொங்கியது.

பிரணவனோ துள்ளிக் குதித்தான். “அண்ணை, இதைத்தானே நான் கேட்டனான்! ஒரு பக்கம் சரிஞ்சாத்தான் அந்தப் பக்கத்து அலை வடிவா உருளும். எப்பிடிச் செய்தனீங்கள்?”

“அது ஒரு ரகசியம்,” என்றேன். எனக்கே ரகசியம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

லவீனா அந்த அலையில் நின்றாள். நெஞ்சளவு உயரமான பச்சைத் தண்ணீர் உருண்டுகொண்டே வர, அவள் கயிற்றை விட்டுவிட்டுக் கையை விரித்துச் சிரித்தாள். பார்க்க உண்மையில் அழகுதான். ஆனால் நான் அலையைப் பார்க்கவில்லை, தம்பிஐயாவைப் பார்த்தேன். லவீனா விழுந்த ஒவ்வொரு தரமும் அவர் திருப்பிக்கொண்டு போய்ப் பத்து மீற்றர் தள்ளியே எஞ்சினை நிறுத்தினார். அவள் நீந்தி வந்து, மேலே ஏறி இருந்த பிறகும் எஞ்சினைப் போடமாட்டார். எழும்பி வந்து, வலப்பக்கம் எட்டிப் பார்த்து, பின்பக்கம் பார்த்து, கடைசியாக இடப்பக்கம் குனிந்து நெடுநேரம் பார்ப்பார். கடலில் இருந்தது ஒரே ஒரு பெட்டை. அவளும் படகுக்குள் இருந்து பிஸ்கற் தின்றுகொண்டிருக்கிறாள்.

மூன்றாம் தரம் அவள் களைத்துப்போய், ஏறாமல், இடப்பக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். “தம்பிஐயா அங்கிள், இப்பிடியே மெல்லமா இழுத்துக்கொண்டு போங்கோவன், ஜாலியா இருக்கும்!”

“கையை எடு!” அவர் கத்திய கத்தலில் கரையோரத்துக் கொக்குகள் எழும்பின. “கையை எடு பிள்ளை! ஒண்டில் ஏறு, இல்லாட்டி விட்டிட்டு நில்!”

லவீனாவின் முகம் வெளிறியது. பிரணவன், “என்ன விசரோ இந்த மனுசனுக்கு?” என்று என் காதுக்குள் கேட்டான். வெயில் நெருப்பாய் எரித்தது. நான் எழும்பிப் போய் இடப்பக்க விளிம்பை எட்டிப் பார்த்தேன்.

அடுத்த நாள், பம்புகளைச் சோதிக்க வேண்டும் என்று பிரணவனுக்கு ஒரு பொய் சொல்லி, தம்பிஐயாவோடு நான் மட்டும் புறப்பட்டேன். உச்சி வெயில். காற்று விழுந்து, கடல் தகரம் விரித்ததுபோல் கிடந்தது. வள்ளங்கள் ஓடும் பாதைக்கு நடுவிலே நிறுத்தச் சொல்லி, இரண்டு பையையும் வெறுமையாக்கினேன். கடைசிச் சொட்டும் போய்ப் பம்பு வறண்டு கத்தியது. பிறகு எழும்பிப் போய், வேண்டுமென்றே வலப்பக்க விளிம்பில் என் முழு உடம்பையும் வைத்தேன்.

படகு இடப்பக்கமே சரிந்து நின்றது. நூற்றுப்பன்னிரண்டு கிலோவையும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

“அண்ணை,” என்றேன். குரலைப் பகிடியாக வைத்திருக்கத்தான் பார்த்தேன். “உந்தப் பக்கம் ஆரோ தொங்குறாப்போலை கிடக்கு. ரிக்கற் எடுத்தவரோ எண்டு கேளுங்கோவன்.”

தம்பிஐயா திரும்பவில்லை. “எஞ்சின் பூட்டினதிலை பிழை இருக்கும்.”

“எஞ்சின் நடுவிலை இருக்கு.”

“அப்ப நீரோட்டம்.”

“இண்டைக்கு நீரோட்டம் இல்லை. நீங்கள்தான் காலமை சொன்னனீங்கள்.”

“சும்மா இரு தம்பி. கரைக்குப் போவம்.” அவர் கை சாவியில் இருந்தது. திருகவில்லை. தலையைக் குனிந்து இடப்பக்கத்தைப் பார்த்தார், பிறகு பின்பக்கம், பிறகு மறுபடி இடப்பக்கம்.

நான் போய் அவருக்கும் சாவிக்கும் முன்னால் குந்தினேன். குந்துவது எனக்கு இலேசான காரியம் அல்ல. எழும்புவது அதைவிடக் கஷ்டம். ஆகவே போகிறதில்லை என்று முடிவு செய்துதான் குந்தினேன்.

“நான் இஞ்சை பம்பு பூட்ட வரேல்லை அண்ணை. உங்களுக்கும் அது தெரியும். எனக்கு நாப்பது தாண்டிட்டுது. அம்மாவும் இல்லை. நீங்கள் சொல்லுறதைக் கேட்டு அழ நான் ஒரு ஆள்தான் மிச்சம். எங்கடை அண்ணை எங்கை?”

தூரத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

“நடு வழியிலை தண்ணி உள்ளை வரத் துடங்கிட்டுது,” என்றார். “மூட்டை முடிச்செல்லாம் எறிவிச்சன். காணாது. நீந்தத் தெரிஞ்ச ஆக்கள் இறங்கிப் பக்கத்திலை பிடிச்சுக்கொண்டு வாங்கோ எண்டன். மூண்டு பேர் இறங்கிச்சினம். உன்ரை அண்ணை முதலாவது. சேட்டைக் கழட்டி உன்ரை தலைக்குக் கீழை வைச்சிட்டு இறங்கினவர்.”

“நான் பாரம் எண்டோ?”

“விசர்க் கதை கதையாதை.” முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். “பதினாறு பேர் ஏத்துற வள்ளத்திலை இருபத்தேழு பேரை ஏத்தினவன் நான். நீ ஒரு வெங்காயச் சாக்குப் பாரம் கூட இல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு ஒன்றாக மாறி, மூக்காலும் கண்ணாலும் வடிந்தது. நான் துடைக்கவில்லை. இன்னும் ஒன்று கேட்க இருந்தது.

“பிறகு? கை களைச்சு விட்டிட்டாரோ? இல்லாட்டி நீந்திப் போனவரோ? எங்கையாவது கரையேறியிருப்பாரோ? சுத்தாமல் சொல்லுங்கோ அண்ணை.”

தம்பிஐயா சாவியிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் தன் மடியில் மல்லாக்க வைத்தார். சுற்றிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கரையேறேல்லை. அவர் விடவும் இல்லை, தம்பி. நேவியின்ரை வெளிச்சம் விழுந்து துவக்குச் சூடு துடங்கினது. மூண்டு பேரின்ரை கையும் விளிம்பிலை இருந்தது, நான் கண்டனான். கண்டுகொண்டுதான் எஞ்சினை முழுக்கத் திறந்தனான். வள்ளம் பாரம் குறைஞ்சு இலேசாப் போனது எனக்குத் தெரிஞ்சது. நான் திரும்பிப் பாக்கேல்லை.”