பச்சைச் சட்டை

விரல்கள் விறைத்துப் போனதால் வெள்ளைக் கையுறை பாதியில் நின்றது. ரோசிலி இறந்துபோன அப்பச்சனின் கட்டைவிரலை நீவிவிட்டு, உறையை மணிக்கட்டுவரை இழுத்தாள். ஜெபமாலையைச் சுற்றும்போது படித்துறையில் வள்ளம் வந்து தட்டியது. குவைத்திலிருந்து தம்பி ஜோமிச்சன் வந்துவிட்டான்.

சவப்பெட்டியைக் கண்டதும் கதறுவான் என்று நினைத்தாள். அவனோ கக்கத்தில் இருந்த பொதியை முதலில் பிரித்தான். உள்ளே கண்ணாடி போட்ட படம். பார்த்த மாத்திரத்தில் ரோசிலி ஜெபமாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பச்சன் சர்வீஸ் படகு ஓட்டிய காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான் அதற்கு மூலம். படகு, அப்பச்சன், அவர் இடுப்பளவுக்கு அவருடைய இரண்டு பிள்ளைகள், ரோசிலியும் ஜோமிச்சனும். ஞாபகம் தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பகல்வீட்டில் ஜெஸ்ஸம்மா டீச்சர் அதைப் பார்த்துக் கோட்டுப்படம் வரைந்து, அப்பச்சனுக்கு வண்ணம் தீட்டக் கொடுத்தாள். ஊர்ப்பட்ட பூவும் பொம்மையும் எதற்கு, சொந்தப் படம் என்றால் கை தானாக ஓடும் என்பாள். கொஞ்ச நாள் ஓடவும் செய்தது. அப்புறம் அப்பச்சன் மெழுகு வண்ணத்தைக் கடித்துத் துப்பினார். படத்தில் இருந்த ஜோமிச்சனைத் தொட்டு, "யாரு இந்தப் பய?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் தம்பி போனில், "என்ன சேச்சி, இந்த வாரம் அப்பச்சன் ஒண்ணும் வரையலையா?" என்றான். இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. தானே உட்கார்ந்து தீட்டினாள். கோட்டைத் தாண்டி வேண்டுமென்றே வழிய விட்டாள். மூலையில் இடது கையால் கோணல்மாணலாக அப்பச்சனின் பெயரை, அவறாச்சன் என்று எழுதி, குடும்ப வாட்ஸாப்பில் போட்டாள். ஜோமிச்சன் அழுதுகொண்டே கூப்பிட்டான். ரோசிலி மாதிரி யார் பார்ப்பா என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதற்கப்புறம் நிறுத்த வழி தெரியவில்லை.

இப்போது ஜோமிச்சன் அச்செடுத்துக் கண்ணாடி போட்ட அந்தப் படம் அப்பச்சனின் தலைமாட்டில், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நின்றது.

"பாருங்க மாமா, என் சட்டையை. பச்சை! போட்டோவுல நிறமே கிடையாது. எல்லாம் மறந்தாலும் இது ஞாபகம் இருந்திருக்கு" என்றான் ஜோமிச்சன்.

பாப்பி மாமா மூக்கைத் துடைத்தார். "பின்ன? பெத்த மனசுடா மோனே."

அம்மை இறந்த பிறகு அந்தச் சட்டையைத் துவைத்ததும் பித்தான் தைத்ததும் ரோசிலி. அவள் கட்டன்காப்பி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போனாள். ஜோமிச்சனும் பின்னாலேயே வந்தான்.

"ஈஸ்டருக்கே டிக்கெட் எடுத்தேன் சேச்சி. அப்பச்சன்தான் இவ்வளவு தெளிவா இருக்காரேன்னு கேன்சல் பண்ணினேன். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைங்களோட வரலாம்னு." அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்தான். "கடைசில என்னைக் கேட்டாரா?"

சொல்வதென்றால் இப்போது சொல்ல வேண்டும். ரோசிலி அடுப்பைப் பார்த்தாள். காப்பி பொங்கி வழிந்தது.

"கேட்டாருடா."

சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் அவள் தோளில் முகம் புதைத்து அழுதான். உயிரோடு இருந்த அப்பனை இவன் பார்க்காமல் செய்தது நான்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது ஜெஸ்ஸம்மா டீச்சர் பெட்டியருகே நின்றிருந்தாள். அப்பச்சன் வண்ணத்தைத் தொட்டே பல மாதம் ஆகிறது என்று அவளுக்குத் தெரியும். படத்தைக் குனிந்து பார்த்தாள். மூலையில் இருந்த பெயரையும் பார்த்தாள். பிறகு ரோசிலியின் கையைப் பிடித்து, "படம் நல்லா வந்திருக்கு ரோசிலி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, வரிசையில் நகர்ந்து போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பாதிரியார் ஜெபம் முடித்தார். பெட்டியை எடுப்பதற்கு முன் போட்டோகிராபர் வீட்டு ஆட்களை அழைத்தான். எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஜோமிச்சன் தலைமாட்டுப் படத்தை எடுத்தான்.

"சேச்சி, நீயும் பிடி. கூட உக்காந்து வரைய வெச்சதே நீதானே."

அவள் வலது கையை மட்டும் கொடுத்தாள். இடது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது.

"சேச்சி, படம் சாயுது. அந்தக் கையையும் கொடுங்க" என்றான் போட்டோகிராபர்.

எல்லாரும் காத்திருந்தார்கள். ரோசிலி இடது கையை வெளியே எடுத்து, பெயர் எழுதியிருந்த மூலையைப் பிடித்தாள்.