நானூறு கிட் தோல்

2007 ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில், ஆம்பூர் நிசார் அஹமதுவின் உடம்பில், ஒரு கையும் தொடாமல் மூவாயிரத்துச் சொச்சம் அடி விழுந்தது. அவர் தோல் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற குமாஸ்தா. திங்கட்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, 'நானூறு கிட் தோல் வெள்ளிக்கிழமை ரெடி' என்று வெளிநாட்டுப் பார்ட்டிக்கு இங்கிலீஷில் மெயில் அடித்தார். தோல் வேலையில் கிட் என்றால் ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடத்தில் குழந்தை. சென்டர் நடத்திய ஆலன் நாட்றம்பள்ளிக்காரன், பள்ளிக்கூடத்து அர்த்தம் மட்டும் தெரிந்தவன். எட்டிப் பார்த்துவிட்டு, 'நானூறு குழந்தைகளைத் தோலுரித்து நிசார் அஹமது வெளிநாட்டுக்கு அனுப்புகிறான், பத்து பேருக்குச் சொல்லவும்' என்று எஸ்.எம்.எஸ். விட்டான். அப்போது தினம் நூறு மெசேஜ் இலவசம்.

முதல் ஆள் அதை மேலே அனுப்பியபோது நிசார் டீ குடித்துக்கொண்டிருந்தார், உதடு கிழிந்தது. கணியம்பாடியில் யாரோ அனுப்பியதில் முன்பல் இரண்டும் கிளாசுக்குள் விழுந்தன. ஒடுகத்தூர் பஸ்ஸில் ஒரு கும்பல் சேர்ந்தாற்போல் அனுப்பியதில் விலா மூன்று முறிந்தது. பெரும்பாலும் செருப்படிதான். ஷூ தைக்கிற ஊர் என்பதால், பார்க்க வந்தவர்கள் முதுகில் பதிந்த தடத்தை வைத்தே இது எட்டாம் நம்பர், இது லேடீஸ் என்று சரியாகச் சொன்னார்கள். புதன்கிழமை அரைமணி நேரம் டவர் இல்லை. அப்போதுதான் தூங்கினார்.

அதே கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் கிட் தோல் தரம்பிரிக்கிற இன்பசேகரனும் பக்கத்தில் இருந்தபடியே அனுப்பினார். நிசாருக்குக் காது பிய்ந்தது.

"இன்னா இன்பம், அது ஆட்டுக்குட்டின்னு உனக்குமா தெரியாது?"

"தெரியும் பாய். ஆட்டுக்குட்டின்னு வந்தா எவன் அனுப்புவான்?"

நிசாரின் மனைவி வஹீதா, 'அது ஆட்டுக்குட்டிதான்' என்று நூறு பேருக்கு அனுப்பினாள். பதினோரு பேர் மேலே அனுப்பினார்கள். பதினோரு காயம் ஆறியது. வெள்ளிக்கிழமை தாண்டாது என்றார் டாக்டர்.

வியாழன் மத்தியானம் வஹீதா கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டாள்: "ஏங்க, ஒரு பொய் சொல்லட்டுமா?"

"பெருசா சொல்லு," என்றார், பல்லில்லாத வாயால்.

'தோலுரிக்கப்பட்ட நானூறு ஆட்டுக்குட்டியும் எழுந்து, நிசார் மேல் தப்பில்லை என்று கத்திக்கொண்டு ஆம்பூர் பஜாரில் நடக்கின்றன' என்று அடித்தாள். இருபது நிமிடத்தில் அது ஒடுகத்தூரைத் தாண்டியது. சாயங்காலத்துக்குள் விலா கூடி, காது ஒட்டி, பல் முளைத்தது. ஜனங்கள் ஆசையாக ஜாஸ்தி அனுப்பிவிட்டதால் இரண்டு பல் அதிகம்.

ஆடுகளும் வந்துவிட்டன. சிவந்த சதையும் நரம்புமாக, நடந்த இடமெல்லாம் ரத்தம் சொட்ட வந்தன. எண்ணியவர்கள் இருவர், ஒருவருக்கு மட்டும் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது, அவர் கண்ணாடி போடாதவர். கசாப்புக்கடைக்காரர்கள் கத்தியோடு பாய்ந்து மூன்று நாள் வெட்டினார்கள். ஒன்றும் குறையவில்லை, விட்டுவிட்டார்கள். வாசலில் நின்ற நாலைந்தை விலக்கிக்கொண்டு சென்டருக்குள் போன ஆலன், 'ஆடு வந்தது பொய்' என்று மெசேஜ் விட்டான். அதை ஒருவரும் மேலே அனுப்பவில்லை.

மழை வந்தால், தோலில்லாத உடம்பு எரியுமே என்று, ஆடுகள் உள்ளே ஒதுங்க பஜாரில் இன்றைக்கும் ஷட்டரைப் பாதி தூக்கி வைக்கிறார்கள்.