சந்தன உடல், வெங்காயத்தோல் பார்டர்

எங்கள் படிப்பகத்தில் யாரும் புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் பட்டு நெய்கிறவர்கள், பாதிப் பேர் பட்டு விற்கிறவர்கள், மீதிப் பாதிப் பேர் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள். மூன்று பாதி எப்படி வரும் என்று கேட்காதீர்கள். நான் பென்ஷன் வாங்குகிறவள், கணக்கில் எனக்குச் சலுகை உண்டு.

“அரக்கு உடல், கிளிப்பச்சை பார்டர் உள்ள இருக்குதாம்மா?” என்றுதான் கேட்பார்கள். நூலகர் தேவிப்ரியா கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்துவந்து நீட்டுவாள். விஷயம் இதுதான். புத்தகம் கிழிந்தால் பைண்டர் சாமுவேலிடம் போகும். அவர் அட்டைக்கு ஒரு நிறத் துணியும் முதுகுக்கு வேறு நிறத் துணியும் ஒட்டித் தருவார். இந்த ஊர்க் கண்ணுக்கு அட்டை சேலையின் உடலாகவும் முதுகு பார்டராகவும் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. தேவிப்ரியா இன்னும் ஒரு படி மேலே போனாள். நூலகப் பதிவில் ஆசிரியர், தலைப்பு, பதிப்பாண்டு எல்லாம் எழுதி முடித்தபின், ‘குறிப்பு’ என்று ஓர் இடம் வரும் அல்லவா, அங்கே நிறத்தையும் எழுதிவைத்தாள். பூமி உருண்டையில் வேறெந்த நூலகத்திலும் இது கிடையாது. நான் எல்லா நூலகத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

படிப்பகத்தை நடத்தும் சங்கம் புதுக் கணினி வாங்கியபோது பிரச்சினை வந்தது. புத்தகப் பட்டியலை ஒரே கோப்பாக, ஒரே வடிவத்தில் கொடுத்தால்தான் அது ஏற்றுக்கொள்ளும். எங்களிடமோ மூன்று கோப்புகள். முதலில் நூலகப் படிப்பு மாணவர்கள் வந்து ‘மார்க்’ என்ற வடிவத்தில் போட்டுக் கொடுத்தார்கள். அதை மனிதக் கண்ணால் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பிறகு ஒரு பயிற்சி முகாம்காரர்கள் வந்து எக்ஸ்.எம்.எல்.லில் போட்டார்கள். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு காவல்காரன், பின்னால் ஒரு காவல்காரன். கடைசியாக எக்ஸெல் அட்டவணை. ஒரே புத்தகம் மூன்றிலும் இருக்கும். உதவிக்கு வந்த ஒவ்வொருவரும் முன்னால் வந்தவர் செய்ததைத் தொட மறுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

“மேடம், மூணும் ஒண்ணுகிட்ட ஒண்ணு பேச மாட்டேங்குது” என்றாள் தேவிப்ரியா.

“மாமியாரு, மருமக, நாத்தனாரு மாதிரியாமா?”

“அவங்களாவது சண்ட போட்டுக்குவாங்க. இதுங்க மூஞ்சியே பாக்க மாட்டேங்குது.”

அவள் என்னிடம் வந்ததற்குக் காரணம், நான் தொலைபேசி அலுவலகத்தில் பில் போடும் கணினிப் பிரிவில் இருந்தவள், பெர்ல் தெரிந்தவள். மற்ற நிரல்மொழிகள் கோப்பைப் படிக்கும். பெர்ல் கோப்பைத் தின்று, எலும்பைத் தனியாகத் துப்பும். அந்த மொழியில் இந்தப் பெரியநாயகியைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் உண்டு என்று ஊரில் சிலர் சொல்லக்கூடும். அவர் இன்னும் பிறக்கவில்லை என்பது என் கணிப்பு.

வீட்டில் நான் மடிக்கணினியைத் திறந்ததும் என் கணவர் தர்மன் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, ரிட்டையர் ஆனப்புறம் ஓவர்டைம் பாத்துக்கினு இருக்கிற?”

“காசு குடுத்தாதான் ஓவர்டைம். இது சேவை. போய் டீ போடுங்க, உங்களுக்கும் புண்ணியம் வரும்.”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். அஹமது பாஷா பாயின் விஷயம் தெரிந்தபிறகுதான் எனக்கு வேகம் வந்தது.

பாய் பட்டுச்சேலை வியாபாரி. கடைக்குள் நுழைகிற பெண்ணின் செருப்புச் சத்தத்தைக் கேட்டே அவளுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று சொல்லிவிடுவார். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் திரும்பிவிட்டது, பெயர்கள் மட்டும் திரும்பவில்லை. பேனாவைப் பார்த்தால் பேனா என்று வராது. மகள் அம்பரீனைப் பார்த்தால் சிரிப்பார், பெயர் வராது. ஆனால் நிறங்கள் வந்தன. ஒன்றுவிடாமல் வந்தன. எப்படி என்று டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த மனிதருக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்தால் சாயப்பட்டறைக்குத்தான் அனுப்பவேண்டும். மனைவி ரசியாவை அவர் இப்போது ‘மாம்பழம்’ என்று கூப்பிடுகிறார். பெண் பார்க்கப் போன அன்று அவள் உடுத்தியிருந்த நிறமாம்.

அவர் வாயைத் திறப்பதற்கென்று இருந்த ஒரே இடம் எங்கள் படிப்பகம். தினமும் ரசியா அழைத்துவருவாள். அவர் தேவிப்ரியாவின் மேசை முன் நின்று, “வாடாமல்லி உடல், இலைப்பச்சை பார்டர்” என்பார். புத்தகம் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து ரசியா வாசிப்பாள், அவர் கேட்பார். அவரே கேட்கட்டும், முந்திக்கொண்டு கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை. “சந்தன உடல், வெங்காயத்தோல் பார்டர்.” அப்படி ஒரு புத்தகம் அலமாரியில் இல்லை. தேவிப்ரியா ஏணி போட்டு ஏறித் தேடிவிட்டாள். ஏறக்குறைய அந்த நிறத்தில் இருந்ததையெல்லாம் காட்டினாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். மறுநாளும் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும்.

ரசியா என்னைத் தனியே கூப்பிட்டாள். அவள் என்னை அக்காவாகப் பாவித்து ஆபா என்பாள்.

“ஆபா, நேத்து அவரு கேக்கவே இல்ல. தேவி எதிர்ல வந்து நின்னாரு, வாயத் தொறந்தாரு, மூடிக்கினாரு. வூட்ல என்னக் கூப்புடறதத் தவுர ஒரு வார்த்த பேசறதில்ல. இங்க வந்து கேக்கறதுதான் அவருக்குப் பேச்சு. கேட்டும் கெடைக்கலன்னா, இனிமே எதுக்குக் கேக்கணும்னு வுட்டுடுவாரு.”

“இன்னா புக்குன்னு உனக்குத் தெரியாதாமா?”

“அவரு எப்பவும் நாலஞ்சு எடுத்தாந்து அடுக்கி வெச்சுக்கினு படிப்பாரு. நான் எதக் கண்டேன்?”

“வுடு. என் புரோகிராமு நாளைக்கே புடிச்சுக் குடுத்துடும்” என்றேன். நாளைக்கே என்றது வாய்க்கொழுப்பு.

எக்ஸ்.எம்.எல். கோப்பு, காவல்காரர்களை விலக்கியதும் சாதுவாக வந்தது. எக்ஸெல் அதைவிடச் சாது. மார்க் கோப்புதான் ரத்தம் குடித்தது. அந்த வடிவத்தில் ஒவ்வொரு பதிவும் தன் தலையிலேயே தன் நீளத்தை எழுதி வைத்திருக்கும். அத்தனை எழுத்து படித்தால் ஒரு புத்தகம் முடிந்தது, அடுத்தது ஆரம்பம். என் நிரலும் அதை நம்பித்தான் படித்தது. கொஞ்ச தூரம் போனதும், ஒரு புத்தகத்தின் வால் அடுத்த புத்தகத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு வந்தது. சமையல் புத்தகத்தை எழுதியவர் ஒரு சித்த வைத்தியர் என்றும், திருமண மந்திரங்களின் தலைப்பு கால்நடை நோய்கள் என்றும் திரையில் வந்தது. இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது.

“தேவி, இந்தக் கோப்ப நீ தொறந்து கையால ஏதாவது மாத்தினியாமா?”

“அலமாரி நம்பர் மட்டுந்தான் மேடம். ஒன்பதுல இருந்தத பத்துக்கு மாத்தினோம், அதான் நோட்பேடுல தொறந்து பத்துன்னு போட்டேன். ஒரே ஒரு எழுத்துதான் கூட வந்துது.”

அந்த ஒரே எழுத்துதான். பதிவு வளர்ந்துவிட்டது, தலையில் எழுதிய நீளம் பழையபடியே நின்றது. பெண் வீட்டார் சொல்கிற உயரத்தை நம்பாமல் நேரில் அளந்து பார்ப்பதுபோல, நானும் தலையில் எழுதியதை மதிக்காதே, பதிவின் முடிவில் இருக்கும் அடையாளக் குறியைத் தேடி அங்கே வெட்டு என்று நிரலை மாற்றினேன். சித்த வைத்தியர் சமையலறையை விட்டு வெளியேறினார். நாலு நாள் கழித்து மூன்று கோப்பும் ஒன்றாயின.

மறுநாள் படிப்பகத்தில் புதுக் கணினியில் ஏற்றினோம். ரசியா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். தேவிப்ரியா தேடும் பெட்டியில் ‘வெங்காயத்தோல்’ என்று தட்டினாள்.

ஒன்றும் இல்லை.

பாய் அப்போது மேசைக்கு முன்னால்தான் நின்றிருந்தார். திரையைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் திரும்பிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரசியா பின்னாலேயே போய், ஏதோ ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்மேலேயே கோபம். தேவிப்ரியா என்னைச் சமாதானப்படுத்த வந்தாள்.

“உங்க மேல தப்பு இல்ல மேடம். சாமுவேல் அண்ணன்கிட்ட அந்தத் துணி தீந்து ரொம்ப நாளாச்சு. வெங்காயத்தோல் பார்டர் போட்டது எது கிழிஞ்சு போனாலும் இப்ப வேற கலர்தான் ஒட்டறாரு. நானும் குறிப்புல கலர மாத்திடுவேன்.”

“எங்க மாத்துவ? மூணு கோப்புலயுமா?”

“இல்ல மேடம், எக்ஸெல்ல மட்டும். கடைசியா வந்தது அதுதானே.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். குதித்தேன் என்று தர்மனிடம் பிறகு சொன்னேன். அவர் என் முழங்காலை அறிந்தவர், நம்பவில்லை.

என் நிரல் முதலில் மார்க் கோப்பைப் படிக்கும், அடுத்து எக்ஸ்.எம்.எல்., கடைசியில் எக்ஸெல். ஒரே பதிவு எண் இரண்டாம் முறை வந்தால், பழையதன் மேலேயே புதியதை வைத்துவிடும். நான்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தேன். புதியதுதானே சரியானது என்ற நினைப்பு. பைண்டரிடம் போய்வந்த புத்தகங்களின் பழைய நிறத்தையெல்லாம் என் கையாலேயே துடைத்து எறிந்திருந்தேன். பாய் கேட்டுக்கொண்டிருந்தது, படுக்கையில் விழுவதற்கு முன்னால் அவர் பார்த்த நிறத்தை. அது மார்க் கோப்பில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அங்கேயே ஒரு வரியைத் திருத்தினேன். குறிப்பு வந்தால் பழையதை அழிக்காதே, பக்கத்தில் சேர் என்று. மறுபடி ஏற்றினோம். தேவிப்ரியா மறுபடி தட்டினாள்.

சந்தன உடலும் வெங்காயத்தோல் பார்டருமாக ஒரே ஒரு புத்தகம். ஒரு துப்பறியும் நாவல். இப்போதைய நிறம், பாட்டில் பச்சை உடல், கறுப்பு பார்டர்.

ரசியா வாயில் கை வைத்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரிக்குப் போனப்ப வூட்ல இருந்த புக்கெல்லாம் பைல போட்டு நான்தான் ஆபா திருப்பிக் குடுத்தேன். பாதி படிச்சு வெச்சிருந்தாரு போலருக்குது.”

“அதுல ஒண்ணு முதுகு பிஞ்சுபோய் வந்துதும்மா” என்றாள் தேவிப்ரியா. “நான்தான் பைண்டுக்கு அனுப்பினேன்.”

அதாவது அந்த மனிதர் கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஒரு வருஷமாகத் தவித்துக்கொண்டிருக்கிறார். இதைவிடப் பெரிய கொடுமை சரித்திரத்தில் நடந்ததில்லை.

தேவிப்ரியா புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். பாய் அட்டையைப் பார்த்தார். தள்ளிவிட்டார்.

“இதுதாங்க அது” என்றாள் ரசியா.

தலையை ஆட்டினார். இல்லை. பச்சை. கறுப்பு. இது இல்லை.

ரசியா வாதாடவில்லை. முதல் பக்கத்தைப் பிரித்து வாசித்தாள். ஒரு மழை நாள், மலைமேல் ஒரு பங்களா, கதவைத் தட்டும் ஒரு தபால்காரர். நாலு வரி போனதும் பாயின் கை நீண்டது. புத்தகத்தை வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் தாள்களைத் தள்ளிக்கொண்டே போனார், சேலை மடிப்பை எண்ணுகிறவர்போல. நடுவைத் தாண்டி ஓரிடத்தில் விரல் நின்றது. அந்தப் பக்கத்தை ரசியாவிடம் நீட்டினார்.

அவள் அங்கிருந்து வாசித்தாள்.

அத்தியாயம் முடிந்ததும் பாய் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தேவிப்ரியாவை நிமிர்ந்து பார்த்தார்.

“சாயம்...” என்றார். “சாயம் மாத்திட்டீங்க.”

“ஆமாம் பாய். துணி கெடைக்கல.”

“நல்லால்ல.”

“நல்லாதான் இல்ல பாய். சாமுவேல் அண்ணன்கிட்ட சொல்றேன்.”

நாவலைத் தொடர்ந்து வாசித்து முடித்தார்கள். கொலைகாரன் பங்களாவின் டாக்டர். பாய் வேறு யாரையோ சந்தேகித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. கடைசிப் பக்கத்தைக் கேட்டுவிட்டு, “பொய்” என்று சொன்னார். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்று ரசியா புகார் சொன்னாள். புகார் சொல்லும்போது அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்ததில்லை.

அதன்பின் அவர் மறுபடி கேட்க ஆரம்பித்தார். பழைய நிறம், புது நிறம், எதைச் சொன்னாலும் புத்தகம் வந்தது. போன வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். பாய் ரசியாவுக்கு முன்னால் நடந்து வந்து மேசைமேல் கையூன்றி நின்றார்.

“பிரியாணி உடல்” என்றார். “கத்திரிக்கா பார்டர்.”

தேவிப்ரியா கடமை தவறாதவள். அப்படியே தட்டினாள். “பிரியாணி கலர்ல எதுவும் இல்லயே பாய். மாம்பழ மஞ்சள் காட்டட்டுமா?”

பாய் அவளையே பார்த்தார். உதடு மட்டும் துடித்தது. ரசியா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு வருஷமாக அவர் வாயில் தின்பதற்கான ஒரு பெயரும் வரவில்லை.

“தேவி, தேடாதம்மா” என்றாள். “அது புக்கு இல்ல. இவருக்குப் பசிக்குது.”

பாய் சிரித்தார். சத்தம் தெருக்கோடி பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. வாலாஜாபாத் பஸ் கிளம்பாமல் நின்றது என்றுகூடச் சொல்வேன். ரசியா கண்ணைத் துடைத்துக்கொண்டே கைப்பையைத் தோளில் மாட்டினாள். கறிக்கடை மூடுவதற்குள் போகவேண்டும் என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.