தொட்டுத் தவறவிட்ட பந்து

பேஸ்போல் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது. லண்டனில் எங்கள் சனம் கிரிக்கெட் விளையாடும், பட்மிண்டன் விளையாடும். என் மகன் விதுசனுக்கு மட்டும் அமெரிக்காக்காரனின் விளையாட்டுத்தான் வேண்டியிருந்தது. அவன் பிட்சர். எதிரணிக்காரன் அடிப்பதற்குப் பந்து எறிகிறவன். நன்றாகவே எறிவான், அதில் நான் பொய் சொல்லமாட்டேன்.

அவனுடைய அணிதான் தரித்திரம் பிடித்தது. ஒன்பது பேர் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்தால் புண்ணியம். ஆள் குறைந்தால் ஆடாமலே தோல்வி. அப்படி ஆள் தேடித்தான், குட்மேய்ஸ் வீட்டில் சோபாவே கதியென்று கிடந்த என் மனுசன் கிருஷ்ணராசாவைக் கூட்டிக்கொண்டு போனான். அறுபது வயது. நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தபிறகு பெற்றோல் ஸ்டேசன் வேலையை விட்டிருந்தவர்.

"பள்ளிக்கூடத்தில எல்லே அடிச்சனான். அதுவும் தடியால பந்தை அடிச்சுப்போட்டு ஓடுறதுதான். எனக்குத் தெரியாத விளையாட்டே?" என்றார்.

"எல்லே அடிச்ச காலத்தில உங்களுக்கு இந்த வண்டி இருந்ததே?" என்றேன்.

வயிற்றைத் தடவிச் சிரித்துக்கொண்டே போனார். பந்து குறைவாக வருகிற வலது மூலையில் நிறுத்தினார்கள். வேலை போனதிலிருந்து செத்துக்கிடந்த அந்த முகம் ஞாயிறுகளில் உயிர் பெற்றது. அதைப் பார்த்துத்தான் நானும் பேசாமல் இருந்தேன்.

விதுசனுக்கு இந்த அணியைவிடப் பெரிய அணியொன்றில் சேரவேண்டும். அந்தக் கோச் பிட்சரின் சராசரியைத்தான் முதலில் பார்ப்பாராம், அதாவது அவன் எறியும்போது எதிரணி எத்தனை ஓட்டம் எடுக்கிறது என்பதை. அது குறைய வேண்டும். இவனுடையதோ ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள் சாப்பிடும்போது மனுசன் கேட்டார், "ஏன் தம்பி, நீ நல்லாத்தானே எறியிறாய்?"

அவன் தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் புட்டைப் பிசைந்துகொண்டே சொன்னான். "பிடிக்க வேண்டிய பந்தை ஒராள் தொட்டுத் தவறவிட்டா, அது அவற்ற பேரில எரர். அதால வாற ஓட்டம் என்ர சராசரியில சேராது. பந்துக்குக் கிட்டவே போகாட்டி அது ஹிட். அது என்ர தலையில."

"அப்ப, ஓடிப் போகாதவனுக்குப் பழியே இல்லையோ?"

"இல்லை அப்பா. அந்தக் காலத்திலயிருந்து அப்பிடித்தான். பின்னால நல்ல பீல்டர்மார் நிண்ட பிட்சர்மாரெல்லாம் பெரிய ஆக்களாத் தெரிஞ்சினம். மோசமான டீமில எறிஞ்சவையை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. இப்பதான் நூறு வருசத்துக்கு முந்தினதையும் கிண்டி, ஆரில பிழையெண்டு பாக்கினம்."

அவன் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனால் ஓடமுடியாத ஆள் எங்கள் மேசையில்தான் இருந்தார்.

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடு!" என்று கத்தினேன். மனுசன் கையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார். பாதிப் புட்டு தட்டிலேயே கிடந்தது.

"இனி அங்க போகாதேங்கோ," என்று அவரிடம் கெஞ்சினேன்.

"நான் போகாட்டி ஆள் காணாது. பெடியனுக்கு ஆட்டமே இல்லை. நான் தொட்டாக் காணும் நாயகி. பிழை என்ர பேரில போகட்டும்."

"டொக்டர் ஓடக்கூடாதெண்டவர்!"

"நீர் பேசாம இரும்."

அடுத்த ஞாயிறு பெரிய அணியின் கோச் விதுசனைப் பார்க்க வந்திருந்தார். மனுசனைக் காவல் பார்க்க நானும் போய், டப்லெட்டில் ஸ்கோர் எழுதுகிற லெட்சுமணனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் மலேசியாக்காரர், நல்ல மனுசர். எது ஹிட், எது எரர் என்று தீர்மானிப்பதும் அவர்தான்.

பந்து வலது மூலைக்குப் போனது. இவருக்கு நெடுந்தூரம் தள்ளி. யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். இவர் ஓடினார். ஐயோ, பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனுசன்! "நில்லுங்கோ!" என்று நான் குழறியது அவருக்குக் கேட்கவே இல்லை. கையை நீட்டி விழுந்தார். பந்து கையுறையின் நுனியில் பட்டுத் தெறித்துப் போனது. எதிரணிக்காரர் இருவர் ஓட்டத்தை முடித்தார்கள். இவர் எழும்பவில்லை.

நாங்கள் ஓடிப்போய்ப் புரட்டியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் புல். யாரோ அம்புலன்ஸுக்கு அடித்தார்கள்.

"தொட்டனான் தம்பி. கண்டனியே?" என்றார். "என்ர பேரிலதானே?"

விதுசன் நிமிர்ந்து லெட்சுமணனைப் பார்த்தான். அவர் அவனைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "தம்பி, சாதாரணமா பிடிக்கக்கூடிய பந்தை விட்டாத்தான் எரர். இவ்வளவு தூரம் ஓடி விழுந்து தொட்டதை எப்படி எரர்னு போடுறது? ஹிட்டுன்னுதான் போட்டிருக்கேன்."

மரியாதை என்று நினைத்துத்தான் அந்த மனுசர் அதைச் சொன்னார். எனக்கு அவருடைய டப்லெட்டைப் பறித்து எறியவேண்டும்போல இருந்தது. உயிரைக் கொடுத்துத் தொட்டதும் பிள்ளையின் தலையில்தானா?

விதுசன் திரும்பி வந்து முழங்காலில் இருந்தான். "ஓம் அப்பா. உங்கட எரர்தான். உங்கட பேரிலதான் எழுதியிருக்கினம்."

"அப்ப சரி," என்று சிரித்தார். பரிசு வாங்கிய பிள்ளைக்குக்கூட அப்படியொரு சிரிப்பு வராது. அம்புலன்ஸில் போகும் வழியிலேயே என்னை விட்டுப் போய்விட்டார்.

விதுசனைப் பெரிய அணியில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் போயிருக்கமாட்டான். பந்தையே அவன் பிறகு தொடவில்லை.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு லெட்சுமணன் வந்தார். சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "தம்பி, அப்பா கேட்ட மாதிரியே அதை எரர்னு மாத்திடவா? உன் சராசரியும் குறையும்," என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் விதுசன் தலையை ஆட்டினான்.

"வேண்டாம் அங்கிள். அப்பா பிழை விடேல்லை."

இதைத்தான் அவன் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கவேண்டும். கேட்கவேண்டிய மனுசன் மாலை போட்ட படத்துக்குள் இருந்தார்.