தொப்பூர் கணவாயில் முந்நூற்று நாற்பது லாரிகள்

தொப்பூர் கணவாயில் ஒரே மத்தியானத்தில் முந்நூற்று நாற்பது லாரி, பதினேழு பஸ், ஒரு போலீஸ் ஜீப் அத்தனையையும் ஓடியே முந்தியவன் நான். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. காலில் ரப்பர் செருப்பு. ஜீப்பிலிருந்த ஏட்டு எழுந்து நின்று சல்யூட் வைத்தார்.

அதியமான்கோட்டை ரோட்டோரம், மாதம்மாள் டீக்கடையில் இதை எட்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். லாரிக்காரர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுவார்கள். எங்கள் ஊர் ஸ்தனிஸ்லாஸ் ஒருவன்தான் மறுத்துத் தலையை ஆட்டுவான்.

"கம்பவுண்டர் ஆறரை பஸ்ஸுலதாங்க வந்தாரு. இறங்கறப்போ தூங்கி வழிஞ்சுக்கிட்டு இருந்தாராம்."

எங்கள் ஊர்க் கன்னியர் மருந்தகத்தில் முப்பது வருஷம் நான் கம்பவுண்டர். நாற்பத்தெட்டு வயதில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பிரஷர் பார்த்த சிஸ்டர், "நீங்களா நடக்கறீங்களா, இல்ல நாலு பேரு உங்களத் தூக்கிட்டு நடக்கணுமா?" என்று கேட்டார். மறுநாளே ரோட்டில் இறங்கிவிட்டேன். முதலில் நடை, ஆறு மாதத்தில் ஓட்டம். பொழுதெல்லாம் காட்டில் குனிந்து நிமிர்கிற ஜனங்களுக்கு, வேலையில்லாமல் ஒருவன் ஓடுவது விளங்கவில்லை.

"யாருங்க தொரத்தறாங்க?" என்று ஸ்தனிஸ்லாஸ் தினமும் கேட்பான்.

"எமன்டா. இன்னிக்குப் பின்தங்கிட்டான்."

மூன்று வருஷத்தில் என் நாடி தொண்ணூற்றாறிலிருந்து அறுபத்திரண்டுக்கு இறங்கியது. இதில் பொய் இல்லை, சிஸ்டர் எழுதிய சீட்டு இன்னும் இருக்கிறது.

எண்பத்தொன்று அக்டோபரில் கடலைக்காய் பிடுங்கும் சமயம். ஸ்தனிஸ்லாஸின் மனைவி ராஜமேரியும் அவன் தாயார் ராயம்மாளும் பிடுங்கிப்போட்ட கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அடியில் கிடந்த கண்ணாடி விரியன் இருவரையும் கடித்துவிட்டது. மணி பதினொன்று. மழைக்குப் பிறகு பாம்புக்கடி அதிகமாகி, சுற்றுவட்டாரத்தில் எங்கு கேட்டாலும் மருந்து தீர்ந்திருந்தது. அதை வாங்கத்தான் நான் காலையிலேயே சேலம் போயிருந்தேன். சிஸ்டர் அங்கிருந்த மருந்துக்கடைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். எட்டுக் குப்பி மருந்தை ஐஸோடு ஒரு பிளாஸ்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கணவாயில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை. "சாயந்தரம் ஆகிடும்" என்றார் கண்டக்டர். மணி இரண்டு. ஊருக்குப் பத்து மைல், பாதி ஏற்றம். பிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

முந்நூற்று நாற்பது லாரி இல்லை, ஓர் அறுபது இருக்கும். எல்லாம் நின்றுகொண்டிருந்த லாரிகள். ஏட்டு சல்யூட் வைக்கவில்லை, திருடன் என்று நினைத்து விசில் ஊதினார். செருப்பு அறுந்தது. கணவாய் ஏறியபின் கால் என்னுடையது போலவே இல்லை. ஆனால் மூச்சு மட்டும் என்னைக் கைவிடவில்லை. மருந்தகத்துச் சுவரில் மணி நாலு அடிக்கும்போது வாசலில் நின்றேன்.

சிஸ்டர் ராஜமேரிக்கு மருந்து ஏற்றினார். அவளுக்கு நினைவே இல்லை.

"ராயம்மா எங்கே?"

சிஸ்டர் வத்தல்மலைப் பக்கம் கை காட்டினார். கணவாயில் ரோடு அடைத்த செய்தி இரண்டரை மணிக்கே ஊருக்கு வந்துவிட்டது. கம்பவுண்டர் இனி ராத்திரிதான் வருவார் என்று ஸ்தனிஸ்லாஸ் முடிவு கட்டினான். சிஸ்டர் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், மலையடிவாரத்து மந்திரக்காரரிடம் தாயாரை மாட்டு வண்டியில் கொண்டுபோய்விட்டான். ராஜமேரி ஓயாமல் வாந்தி எடுத்ததால்தான் அவளை விட்டுவிட்டுப் போனான்.

ஏழு மணிக்கு வண்டி பிணத்தோடு திரும்பியது. ராயம்மாளின் ஈறிலிருந்து வழிந்த ரத்தம் சேலையில் காய்ந்துபோயிருந்தது. பிளாஸ்கில் நாலு குப்பி மீதி. ஐஸ்கூட முழுதாகக் கரையவில்லை.

பத்து நாள் கழித்து, வாய் சும்மா இருக்காமல், "நாலு மணிக்கெல்லாம் வந்துட்டேன்ல" என்று டீக்கடையில் சொல்லிவிட்டேன். ஸ்தனிஸ்லாஸ் டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். மூன்று நாள் வீட்டில் எதுவும் சாப்பிடவில்லை என்று ராஜமேரி வந்து அழுதாள். அடுத்த தடவை, நாலு மணியும் பொய்யாகவே தெரியட்டும் என்று, நூறு லாரி என்றேன். "ஏனுங்க, ரயிலு எதையும் முந்தலீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான், டீயைக் குடித்தான். அன்றிலிருந்து நானும் வருஷத்துக்கு முப்பது லாரி கூட்டிக்கொண்டே வந்தேன். கூட்டுவதில் எனக்கும் சந்தோஷம்தான், அதை ஏன் மறைப்பது.

போன சித்திரையில் அவனுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். "யாருடா தொரத்தறாங்க?" என்று நான் கேட்க, செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு நடந்தான். ஆறு மாதத்தில் தொப்பை கரைந்தது, சர்க்கரை இறங்கியது.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று, தாயாருக்கு மெழுகுவர்த்தி வாங்கிய கையோடு கடைக்கு வந்தான். நான் ஒரு லாரிக்காரருக்குக் கதையை ஆரம்பித்திருந்தேன்.

"நிறுத்துங்க கம்பவுண்டரே" என்றான். "போன வாரம் பஸ்ஸுல தொப்பூர் போயி, கணவாயில எறங்கி, வாட்ச்சப் பாத்துக்கிட்டே வூட்டுக்கு நடந்து வந்தேன். உங்களப் பொய்யன்னு காட்டிடலாம்னுதான் போனேன்."

மாதம்மாள் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினாள்.

"ரெண்டே முக்கா மணி நேரம் ஆச்சுங்க. சக்கர ஒடம்ப வெச்சுக்கிட்டு, ஓடாம, நடந்தே."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "அட, நான் சும்மா கதைக்குச் சொல்றதுடா. ஆறரை பஸ்ஸுலதான் வந்தேன். நீ சொன்ன மாதிரி தூங்கி வழிஞ்சுக்கிட்டு."

"இல்லீங்க." மெழுகுவர்த்தியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டான். "எங்காத்தாளக் கொண்டுட்டுப் போனது நாந்தான். நீங்க ஓடித்தாங்க வந்தீங்க. நாலு மணிக்கே வந்துட்டீங்க."